கணக்கில் உதைத்த வெள்ளை முடி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் பெரியவர். ஒரு கண் நீலம், ஒரு கண் கறுப்பு, முன்நெற்றியில் ஒரு கற்றை வெள்ளை முடி. சோபாவில் அவர் மகள். அதே வெள்ளைக் கற்றை, பிறவியிலேயே காது கேட்காது, வயிற்றில் ஏழு மாதம். பக்கத்தில், அவள் சைகையைப் பேச்சாக்கிச் சொல்ல அவள் கணவன். சாப்பாட்டு மேசையில் காகிதமும் பேனாவுமாகப் பெரியவரின் தம்பி. அவருக்கும் வெள்ளைக் கற்றை உண்டு, தெருவே 'வெள்ளிமுடி' என்றுதான் கூப்பிடும். அவருக்குப் பின்னால், நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், அவர் மனைவி.

மேசைமேல் மரபணு ஆய்வகத்தின் கடிதம். இந்தக் குடும்பத்தில் காது கேளாமையும் வெள்ளை முடியும் ஒரே மரபணு மாற்றத்தால்தான் இறங்கி வருகின்றனவா என்று எல்லோரிடமும் ரத்தம் எடுத்திருந்தார்கள். மற்ற வெள்ளை முடிக்காரர்கள் அனைவரிடமும் மாற்றம் இருக்கிறது. வெள்ளிமுடியாரிடம் மட்டும் இல்லை. அவர் ஒருவரால் கணக்கு உதைக்கிறது. முதலிலிருந்து தேட வேண்டுமாம்.

மகளின் கைகள் பறந்தன.

"குழந்தைக்குக் காது கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரிங்கறா," என்றான் கணவன். "ஆனா எங்கம்மா, ரிசல்ட் பேப்பர் வந்தாத்தான் சைகை கத்துக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்களாம். அவங்க புத்திக்கு இப்பவே ஆரம்பிச்சாத்தான் பேரப்புள்ள பள்ளிக்கூடம் போறதுக்குள்ள 'சாப்ட்டியா'ன்னாவது கேப்பாங்களாம். இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கு பாருங்க."

பெரியவர் கனைத்தார். "ஒருவேளை, தம்பி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில புள்ள மாறிப் போச்சோ?"

"வாயக் கழுவுங்க மாமா! இந்த மூக்கப் பாத்துமா சந்தேகம்?" என்றாள் தம்பி மனைவி. "டியூபத்தான் மாத்திட்டாங்க. ஏங்க, லேபுக்கு எழுதுங்க! ரத்தம் எடுத்த பொண்ணை வேலைய விட்டுத் தூக்கணும்னு எழுதுங்க!"

ஒரு வரி எழுதினால் மானம் பிழைக்கும். ஆனால் அந்தப் பெண் ஊசி குத்துமுன் "வலிக்காது சார்" என்று சொன்னவள், வலிக்கவும் இல்லை. வெள்ளிமுடியாருக்குப் பேனா நகரவில்லை.

"இன்னொரு தடவ ரத்தம் குடுப்பீங்களா சித்தப்பான்னு கேக்கறா."

"எத்தனை தடவ குடுத்தாலும் அதே ரத்தந்தாம்மா. தப்பு ரத்தத்துல இல்ல, முடியில. இது கடையில வாங்கின வெள்ளை. ப்ளீச்சு."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நீங்கள்லாம் வெள்ள முடியோட வரிசையா நிப்பீங்க. வர்றவன் என்னை வேலைக்காரன்னு நெனச்சு, 'தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டா'ம்பான். அதான் ஆரம்பிச்சேன். அப்புறம் பொண்ணு பாக்கப் போனப்ப இவ, 'அந்த வெள்ள முடிக்காரரத்தான் புடிச்சிருக்கு'ன்னுட்டா. எங்கேர்ந்து நிறுத்தறது?"

"அப்ப துண்டெல்லாம் திட்டுத் திட்டா வெளுத்தது?" மனைவியின் குரல் உத்தரத்தைத் தொட்டது. "சோப்புத்தூள மாத்தி மாத்தி, கடைக்காரன் வம்சத்தையே சபிச்சேனே, பாவி மனுஷா!"

கணவன் சைகையில் சொல்லி முடிக்குமுன்பே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு மேசையைத் தட்டினாள்.

"சிரிச்சாச்சாம். எழுதச் சொல்றா."

எழுதினார், எப்போதும்போல் ஓரம் மடித்து, பொருள் போட்டு. பொருள்: என் முடி. 'ஐயா, ரத்தம் சரி, முடிதான் போலி. ரத்தம் எடுத்த பெண்மீது யாதொரு குற்றமும் இல்லை. என்னை வெள்ளை முடிக்காரர் வரிசையிலிருந்து நீக்கிவிட்டு முடிவைச் சீக்கிரம் அனுப்பவும். ஒரு மாமியார் பாடம் படிக்கக் காத்திருக்கிறார்.'

"பொண்டாட்டிக்கே தெரியாதுன்னும் போடுங்க."

"ஆராய்ச்சிக்கு அது எதுக்குடி?"

"எனக்கு வேணும்."

போட்டார். உறையிலிட்டுப் பசை தடவி ஒட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார். அதற்குள் மனைவி உறையைப் பறித்துக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனைத் தபால் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு, உறை உள்ளே விழுந்ததைத் தடவிப் பார்த்த பிறகுதான் வெளியே எடுத்தாள்.