கடைசி நோன்பும் காயாத பெயிண்டும்

கடைசி நோன்பு அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஷௌக்கியின் கையில் மூன்று தகரச் சாமான்கள் இருந்தன. வீட்டில் மனைவி இல்லை. சாமான்கள் நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்குள் காய்ந்தால் மனைவி திரும்பி வருவாள். காயாவிட்டால் பெருநாள் கழிந்ததும் தலாக்குக்குக் காஜியார் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். இதை அவன் மாமனார் ஹாஜி மத்பூலி, கெய்ரோ ஷுப்ராவின் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை, என் வண்டியோட பல்லைப் பிடுங்கிட்டுப் போய் எட்டு மாசம் ஆச்சு. பல்லைக் கட்டிட்டு வந்து பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போ. கடைசி நோன்பு பாங்கு வரைக்கும்தான் பொறுப்பேன்."

பல் என்று அவர் சொன்னது, அவருடைய ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டியின் டேஷ்போர்டிலிருந்து பெயிண்ட் அடிக்க ஷௌக்கி கழற்றிக்கொண்டு போன சாமான் பெட்டி மூடி, சாம்பல் கிண்ணம், ரேடியோவைச் சுற்றி வரும் தகடு ஆகியவற்றை. அவை இல்லாமல் வண்டியின் முகம் பொக்கை வாயாகக் கிடந்தது.

ஷௌக்கி கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. பழைய கார்களின் உள்ளே இருக்கும் சின்னத் தகரங்களுக்கு அவனைப் போல் பெயிண்ட் அடிக்கிறவர்கள் கெய்ரோவில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதற்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. நாளைக்கு. ஒழுகுகிற குழாய் நாளைக்கு, உடைந்த கட்டில் கால் நாளைக்கு. மனைவி ஸுஹேரின் தங்கை கல்யாணத்துக்கு மன்ஸூரா ஊருக்குக் கிளம்புவதும் நாளைக்குத்தான். தங்கைக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. எட்டு வருஷம் இதைக் கேட்ட ஸுஹேர், இரண்டு மாதத்துக்கு முன் பையில் துணியை அடைத்துக்கொண்டு வாப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த சந்துதான். ஆனாலும் அந்த முக்கைத் தாண்ட ஷௌக்கிக்குக் கால் வரவில்லை.

மூடியை முதல் தடவை அடித்தபோது பெயிண்ட் ஒட்டாமல் கண் கண்ணாகத் திறந்துகொண்டது. மாமனார் நாற்பது வருஷமாகப் பூசிய எலுமிச்சை வாசனை மெழுகு தகரத்தோடு ஊறிப்போயிருந்தது. இரண்டாம் தடவை, ஈரப் பெயிண்டின் மேல் பாலைவனத்துக் கம்ஸீன் காற்று மணலைக் கொட்டியது. அப்புறம் எல்லாம் பட்டறை மேசைக்கு அடியில் போய்விட்டன. இன்றைக்குத்தான் உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, பிரைமர் கொடுத்து, கருப்புச் சுருக்கப் பெயிண்டை மூன்று கை ஒழுங்காக அடித்திருந்தான். அந்தப் பெயிண்ட் சூடு பட்டால்தான் சுருங்கும், சுருங்கினால்தான் காயும். சூடு இல்லாவிட்டால் நாள் கணக்கில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

ஜனவரி மாதம், வெயில் எட்டிப் பார்க்கவில்லை. முடி உலர்த்தும் மெஷினைப் பிடிக்கலாமென்றால் மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. வீட்டு அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது. சந்து முழுக்கப் பலகாரம் சுடுகிற நாளில் சிலிண்டருக்கு எங்கே போவது? ஷௌக்கி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். எட்டு மாசம் கையில் இருந்ததே, பாவி, எட்டு மாசம் என்று வாய்விட்டு அழுதான்.

அப்போது முக்கிலிருந்த ஸர்ஹானின் ரொட்டிக் கடையிலிருந்து நெய் வாசம் வந்தது.

பெருநாளுக்குச் செய்யும் கஹ்க் பலகாரத்தைத் தட்டில் அடுக்கி, பெயர்ச் சீட்டைச் செருகி, அந்த அடுப்புக்குத்தான் எல்லா வீட்டிலிருந்தும் கொண்டுவருவார்கள். ஷௌக்கியும் ஒரு தட்டு எடுத்தான். மூன்றையும் அதில் வைத்து, மேலே படாமல் துணியைத் தூக்கிக் கட்டினான்.

"பொண்டாட்டி இல்லாம உனக்கு யாருய்யா கஹ்க் செஞ்சது?" என்று கேட்டான் ஸர்ஹான்.

"நானேதான்."

ஸர்ஹானுக்குக் கண் கலங்கிவிட்டது. "அட பாவமே. அந்த உம்மு ஷிஹாத்தா தட்டுக்கு முன்னாடி உன்னதை வெச்சிடறேன், கொண்டா."

"அய்யோ, வேணாம். கை பட்டா அமுங்கிடும். நானே வெச்சுக்கறேன்."

துணியை உருவிவிட்டு, நீளக் கரண்டியால் தட்டை அடுப்பின் ஓரத்துக்குத் தள்ளினான். உள்ளே பதினொரு தட்டுகள் வெந்துகொண்டிருந்தன. பத்து நிமிஷம் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். அதற்கு மேல் அல்லாவும் கைவிட்டுவிட்டார். நெய் வாசத்துக்குள் வேறொரு வாசம் கிளம்பியது.

தட்டுக்குக் காத்திருந்த பெண்களில் முதலில் மூக்கைச் சுளித்தது உம்மு ஷிஹாத்தா. "ஸர்ஹான், என்னய்யா எரியுது? டயரா?"

ஸர்ஹான் கரண்டியை விட்டு ஷௌக்கியின் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தான். கஹ்க் இருக்க வேண்டிய இடத்தில் கார் மூடி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலை எழுதி மாளாது.

"எடுபட்டவனே! ஆறு கிலோ மாவுடா! விடியக்காலைலேருந்து பிசைஞ்சேன்டா!"

"உன் கை வெளங்குமா?"

"வாசம் மட்டும்தான் புடிச்சிருக்கும்க்கா, உள்ள எறங்கியிருக்காது."

"அதைத் தின்னுல்ல பாக்கணும்? நோன்பு வெச்சுக்கிட்டு எப்படிடீ தின்னு பாக்குறது?"

அதுதான் பெரிய சோதனை. பதினொரு தட்டும் வெளியே வந்து வரிசையாகக் கிடந்தன. கெட்டதா பிழைத்ததா என்று பாங்கு சொல்லும்வரை ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதுவரை திட்டுவதற்கு ஷௌக்கி இருந்தான்.

தலையைக் குனிந்தவன் கண்ணில் நாலாவது தட்டு பட்டது. சீட்டில் ஹாஜி மத்பூலி வீடு என்று இருந்தது. எல்லாம் வெள்ளைக் கஹ்க், கடைசி வரிசை மட்டும் எள் ஒட்டியது. கஹ்க்கில் எள் ஒட்டித் தின்கிற ஆள் அந்த வட்டாரத்திலேயே ஷௌக்கி ஒருவன்தான். ரொட்டியா அது என்று மாமனார் வருஷா வருஷம் கேலி செய்வார்.

அந்த வரிசை அவனுக்காக ஸுஹேர் செய்தது. மூடி வந்தாலும் வராவிட்டாலும் அவள் வருவதாகத்தான் இருந்திருக்கிறாள். வருகிறவள் கொண்டுவரும் பலகாரத்தில் அவனே பெயிண்டை ஏற்றிவிட்டான்.

சத்தம் கேட்டு ஸுஹேர் வந்தாள். தட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். பால் ஆடை சுருங்குவது போல் பொடிப் பொடியாக, ஒரே சீராகச் சுருக்கம் விழுந்திருந்தது. அவ்வளவு அழகாக அவன் ஜென்மத்தில் செய்ததில்லை.

"காய்ஞ்சிடுச்சா உஸ்தா?" என்று பட்டறை மேஸ்திரியைக் கேட்பது போல் கேட்டாள்.

பாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் நாலு திருகாணிதான். மாமனார் பார்ப்பாரே தவிரத் தொடமாட்டார். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எட்டு வருஷப் பழக்கமல்லவா?

"காயலே," என்றான். "மேலதான் சுருங்கியிருக்கு. உள்ள இன்னும் பச்சை. நாளைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "நாளைக்கும் காயாது, ஸுஹேர். சூடு பத்தலே."

அவள் நம்பவில்லை. எதற்காக நம்ப வேண்டும்? கட்டைவிரலை மூடியின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

"வேணாம்மா!"

விரல் பெயிண்டில் புதைந்தது. ரேகை ரேகையாகத் தடம் விழுந்துவிட்டது. ஸுஹேர் தன் கறுத்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெசமாவே காயலையா?" என்றாள். "இந்த எள்ளு யாருக்குன்னு தெரியுதா?"

"தெரியுது."

"மூடியும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் போறேன்னு காலைலயே வாப்பாகிட்ட சொல்லிட்டேன். பையைக்கூட கட்டி வெச்சிட்டேன்யா."

ஷௌக்கி அத்தனை பெண்களுக்கு முன்னால், வெட்கமில்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த நேரம் பார்த்துப் பாங்கு ஒலித்தது. திட்டிக்கொண்டிருந்த வாய்கள் பிஸ்மி சொல்லி ஆளுக்கொரு கஹ்க்கைக் கடித்தன. உம்மு ஷிஹாத்தா மென்றாள், நின்றாள், துப்பினாள். வழக்கு முடிந்தது.

ஸுஹேர் மட்டும் எள் ஒட்டியதில் ஒன்றை எடுத்துக் கடித்து, முகத்தைக் கோணிக்கொண்டு விழுங்கினாள். மீதிப் பாதியை அவன் வாயருகே நீட்டினாள்.

"பெயிண்டைத் தின்னாவது உன்கூட குடும்பம் நடத்தணும்னு என் தலையில எழுதியிருக்கு. நோன்பைத் திற."

அவன் வாங்கித் தின்றான்.

"அதெல்லாம் சரி," என்றான் ஸர்ஹான். "பதினொரு தட்டு மாவை எப்போ எவன் பிசையறது?"

எல்லாரும் ஷௌக்கியைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். ஸுஹேர் கறுத்த கட்டைவிரலை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"அந்த வார்த்தையைச் சொல்லித்தான் பாரு."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பிசைய உட்கார்ந்தான். தட்டெல்லாம் மறுபடி வெந்து வெளியேறிய பிறகு, காலி அடுப்பில் மூன்று சாமான்களையும் ஸர்ஹானே திட்டிக்கொண்டு வைத்தான்.

பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்து ஷௌக்கி மாமனார் வண்டியில் மூடியைத் திருகி மாட்டினான். கட்டைவிரல் தடம் நட்டநடுவில் கிடந்தது. ஹாஜி மத்பூலி குனிந்து பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க மாமா. இதைச் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுத் தந்துடறேன். இன்னைக்கே, இப்பவே."

கிழவர் அந்தத் தடத்தின் மேல் தன் விரலை மெதுவாக வைத்தார். இரண்டு மாதமாக விடிந்ததும் காபி கொண்டுவந்து கொடுத்த மகள், கட்டைவிரலில் கறுப்பு போகாமல், பையோடு புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை," என்றார், "இந்த ஒரு இடத்துல கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்."