ஆறு இருபது

மணிமொழி அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கண்ணையன் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி போன துக்கம் அவருக்கு இல்லாமலில்லை. ஆனால் எதற்கும் முறை என்று ஒன்று வேண்டும். காலை ஆறு பன்னிரண்டு வரைக்கும் ரேவதி, அதற்கு மேல் அஸ்வினி என்று போட்டிருந்தது. ரேவதியில் உயிர் போயிருந்தால் அடைப்பு. பின்சுவரை இடித்துத்தான் உடம்பை வெளியே எடுக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட வேண்டும், ஆறு மாதம் யாரும் குடியிருக்கக் கூடாது. திண்டிவனத்தில் அவர்கள் தெருவில் இந்த 2016 வரைக்கும் அதை மீறினவர் இல்லை.

"நீதான கூட இருந்த. மூச்சு எத்தினி மணிக்கு நின்னுச்சி?"

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டார். பூனாவில் மணிமொழிக்கு அதுதான் வேலை. கோடானுகோடி மைலுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் சாகும்போது காமாக் கதிர் வெடித்துக் கிளம்பும். ஒரே ஒரு முறை, சில விநாடிகள். பூமியைச் சுற்றும் தொலைநோக்கி அதைப் பிடித்து அனுப்பும். எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று அவள் அளந்து சொல்ல வேண்டும். தொடக்கம் சுலபம். முடிவுதான் தொல்லை, மங்கி மங்கி, மற்ற இரைச்சலோடு கலந்துவிடும். எட்டு வருஷத்தில் அரை விநாடியைக்கூட அவள் தன் இஷ்டத்துக்குத் தள்ளிப் போட்டதில்லை.

இன்று காலையும் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவின் மூச்சுக்கு நடுவே இடைவெளி பத்து விநாடியானது, இருபதானது, நாற்பதானது. அம்மா அடுப்படியில் இருந்தாள். கடைசி மூச்சு ஆறு மூன்றுக்கு. இன்னொன்று வருமா என்று ஆறு பத்து வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பூமாலை இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டே அறை. அப்பாவின் லைன்மேன் சம்பளத்தில் எழும்பிய வீடு. கொத்தனாருக்குச் செங்கல் சுமந்தது அம்மா. விழுப்புரத்தில் இருக்கும் மணிமொழியின் அண்ணன் பெண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் ஆகாது. பூனாவுக்குக் கூட்டிப்போனால் பத்தே நாளில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். இந்த வீட்டை விட்டு அவள் எங்கே போவாள்?

"ஆறு இருபது, பெரியப்பா."

"நல்லா பாத்தியா? அஞ்சு பத்து நிமிசம் முன்ன பின்ன இருக்கப் போவுது."

மணிமொழி கால்விரல் கட்டின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். அம்மாதான் பேசினாள்.

"ஆறே காலுக்குப் பால்காரன் வந்துட்டுப் போனான். அப்பகூட மூச்சு இருந்திச்சி. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அம்மா அந்த அறைக்குள் வந்ததே ஆறரைக்குத்தான். மணிமொழி அவளைப் பார்த்தாள். அம்மா தலையைத் தூக்கவில்லை. பெரியப்பா எழுந்துபோய்க் காலண்டரை மாட்டினார்.

பத்து மணிக்குப் பூனாவிலிருந்து, கூட வேலை பார்க்கும் சகாயராஜ் கூப்பிட்டான். ராத்திரி ஒரு வெடிப்பு பதிவாகியிருக்கிறதாம், வால் நீளமாம், எங்கே முடிகிறது என்று ஒரு பார்வை பார்க்க முடியுமா என்றான். அப்பா போன செய்தி அவனுக்கு எட்டியிருக்கவில்லை. சொன்னாள். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான்.

"இன்னிக்கி நேரத்த நீயே குறிச்சுடு, சகாயம். என்னுது வேணாம்" என்றாள்.

அப்பாவை முன்வாசல் வழியாகவே எடுத்தார்கள். சாயங்காலம் சனம் கலைந்ததும் அப்பா கிடந்த இடத்திலேயே அம்மா பாயை விரித்து, சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தாள். பாதிப் பாய் காலியாக இருந்தது.