முறை சொல்லும் ஃபங்ஷன்

குழந்தை பிறந்தால் மற்றவர்கள் போன் போட்டுச் சொல்வார்கள். இந்த கம்ப்யூட்டர்காரன் அதற்கும் ஒரு ஆப் எழுத உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரி நாற்காலியில் அவன், மடியில் லேப்டாப். கட்டிலில் மனைவி, பக்கத்தில் நேற்றுப் பிறந்த மகள்.

உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஆப்புக்குள்ளேயே ஒரு சின்ன டேட்டாபேஸில் இருந்தார்கள். அதற்கு எண்களைக் கூட்டத் தெரியும், அகர வரிசையில் அடுக்கத் தெரியும். யாரை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் தெரியாது. அதனால் 'முறை' என்று ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு குட்டி நிரலை, இவனே எழுதி அதன் கையில் கொடுத்தான். இரண்டு பேரைச் சொன்னால், முதல் ஆள் இரண்டாம் ஆளை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

"ஃபங்ஷனை ரெஜிஸ்டர் பண்ணிட்டேன்," என்றான் பெருமையாக.

"நமக்கு ரெஜிஸ்டர் மட்டும்தான் நடந்துச்சு. ஃபங்ஷன் எங்க நடந்துச்சு?" என்றாள் மனைவி.

அதுதான் வினையே. வீட்டில் சொல்லாமல் செய்த ரெஜிஸ்டர் கல்யாணம். மாமனார் இன்றுவரை இவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேத்தி பிறந்த செய்தியாவது மனுஷன் மனசை இளக்காதா என்று பயல் ஏங்கிக்கொண்டிருந்தான்.

பொத்தானை அமுக்கினான். எல்லோருக்கும் அவரவர் முறை போட்டுச் செய்தி போய்ச் சேர்ந்தது.

முதலில் அண்ணன் கூப்பிட்டான். "நான் எப்படா உனக்குத் தம்பி ஆனேன்?"

அடுத்து பெரியப்பா. "என்னை 'அன்புள்ள மகனே'ன்னு போட்டிருக்கியே, உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?"

இவன் எழுதியதைத் திறந்து பார்த்தான். ஃபங்ஷன் சரிதான். அதைப் பயன்படுத்திய இடத்தில் உறவினரை முதலிலும் தன்னை இரண்டாவதாகவும் போட்டிருந்தான். அவர்கள் இவனை எப்படிக் கூப்பிடுவார்களோ, அப்படியே இவன் அவர்களைக் கூப்பிட்டுத் தொலைத்திருந்தான்.

"எங்கப்பாவுக்கு என்னன்னு போச்சு?" என்று மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"அன்புள்ள மாப்பிள்ளைன்னு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் போன் அடித்தது. மாமனாரேதான். இவனுக்கு எடுக்கக் கை வரவில்லை. அவளே ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

"குழந்தை எப்படி இருக்கு, மாமா?" என்றார் மாமனார்.

"நல்லா இருக்கா மாப்பிள்ளை," என்று இவன் நாக்கு முந்திக்கொண்டது.

மனைவி அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பில் குழந்தை வீறிட்டு அழுதது. அழுகையைக் கேட்டதும் மாமனார், "இருங்க, கிளம்பிட்டேன்," என்று போனை வைத்தார்.