ஒரே கொத்து

கடையின் ஷட்டரை இடுப்பளவுக்கு மட்டும் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, மறுபடியும் இறக்கிவிட்டுக்கொண்டார் பெரியவர். காலாவதியான மருந்துகளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும்வரை பூட்டிவைக்கும் அலமாரியைத் திறந்து, நேற்று விடியற்காலையில் தன் கையாலேயே ஒளித்துவைத்த காகிதக் கவரை எடுத்தார். தம்பியின் காரிலிருந்து எடுத்தது. வாந்தியில் துவண்டுபோனவனை இரண்டு பேராகத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது, "அண்ணா, என் கார்ல ஒரு கவர் இருக்கு, யார் கண்ணுலயும் பட்டுடக்கூடாது" என்று காதோடு சொன்னான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டபோது தம்பியின் மனைவி வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஓட்டல் சாப்பாடு." மறுகேள்விக்கு இடமில்லாத குரல் அது. அந்தப் பெண் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? தாத்தா காலத்திலிருந்து மருந்து விற்கிற குடும்பம். டாக்டர் எழுதிய சீட்டின்மேல் சந்தேகம் வந்தால்கூட ஜனங்கள் இந்தக் கடைப்படி ஏறித்தான் கேட்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை, காதோரம் நரைத்தபிறகு, காட்டில் போதைக் காளான் பொறுக்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கிடக்கிறான் என்று வெளியே தெரிந்தால், நாளைக்கு இந்தக் கல்லாவில் எந்த முகத்தோடு உட்காருவது? நல்லவேளையாக அந்தக் கண்டம் தாண்டிவிட்டது. காலையில் தம்பி மனைவி போன் செய்திருந்தாள். "ரெண்டு தடவ காபி கேட்டு வாங்கிக் குடிச்சிட்டாரு மாமா. மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு சொல்லிட்டாங்க." இனி மிச்சமிருப்பது இந்தக் கவர்தான். எரித்துவிட்டால் தீர்ந்தது.

ஆனால் எதையும் பார்க்காமல் கைமாற்றிப் பழக்கமில்லாத கை. கவரைக் கல்லாக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து, விளக்கைப் போட்டார். சுருங்கிய தேன்நிறக் குடைகள். கிள்ளினால் நீலம் பாய்வதுதான் போதைக் காளானுக்கு அடையாளம் என்று தம்பி நேற்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முனகியிருந்தான். அதுபோலவே சிலவற்றின் காம்பில், அழுத்திய இடத்தில், மைக்கறைபோல நீலம் பாய்ந்திருந்தது. சிலவற்றில் நீலமே இல்லை. அவற்றின் காம்பில், நூல் கட்டி அவிழ்த்ததுபோல, மெல்லிய ஒரு வளையம் இருந்தது. விரலால் இரண்டாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க நீலமில்லாத பக்கம் பெருகியது. தம்பியைப் போனில் கூப்பிட்டார்.

"ஒவ்வொண்ணையும் கிள்ளிப் பாத்தியாடா?"

"எதை? ஓ, அதையா." தம்பி குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு ரெண்டு பாத்தேண்ணா. மிச்சமெல்லாம் ஒரே கட்டையில, ஒரே கொத்தாத்தானே மொளச்சிருந்துச்சு. அப்படியே அள்ளிட்டேன்."

"எப்ப தின்ன?"

"முந்தாநாள் மத்தியானம். ஆறு மாசமா தூக்கமே இல்லண்ணா, மனசு கொஞ்சம் லேசாகும்னுதான்... ஏன், உங்களுக்கும் ஒரு கை வேணுமா?" சிரித்தான். நன்றாகத் தெளிந்தவனின் சிரிப்பு.

பெரியவர் போனை வைத்தார். ஒரே பெட்டியில் வந்த மாத்திரைப் பட்டையானாலும் ஒவ்வொன்றின் பெயரையும் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கல்லாவில் நின்று இருபது வருஷம் அதைச் செய்தவன் தம்பி. மத்தியானம் தின்றதற்கு மறுநாள் விடியும்போது வாந்தி. பார்மசி படித்த காலத்தில், விஷங்களைப் பற்றிய பாடத்தில், ஆசிரியர் குரலை மாற்றிச் சொன்ன இடம் அது. தின்ற உடனே புரட்டுகிற விஷம் பெரும்பாலும் வெளியே போய்விடும். பல மணி நேரம் பொறுத்திருந்து புரட்டினால், விஷம் உள்ளே இறங்கிவிட்டது. அதற்கப்புறம் ஆள் தேறுவான், சிரிப்பான், பசிக்கிறது என்பான். ஈரல் அப்போதுதான் வேகத் தொடங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறைக்குக் கதவு இல்லை, வெறும் திரைதான். திரையை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் கடைக்கு வாடிக்கையாக வரும் கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குச் சொல்லிவிடுகிற வாய்.

"அட, நீங்களா? மருந்துக் கடைக்காரங்களுக்கே வைத்தியமா?"

பெரியவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். காளான்களைத் திரும்ப அள்ளிப்போட்ட கவர் சட்டைக்குள் இருந்தது. டாக்டர், அவர் மகள் வயதுப் பெண், ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சார். உங்க தம்பி டிஸ்சார்ஜ் பேப்பர்லதான் கையெழுத்துப் போடறேன்."

"ஒரு சந்தேகம் டாக்டர்." குரல் அவருக்கே கேட்கவில்லை. "கடைக்கு ஒருத்தர் வந்தாரு. காட்டுக் காளான் சாப்பிட்டாராம். மறுநாள்தான் வாந்தி. இப்ப நல்லாயிட்டேங்கிறாரு."

பேனா நின்றது. "எங்க இருக்காரு அவரு? வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா? நல்லாயிருக்கிற மாதிரி இருக்கிறதுதான் சார் ஆபத்து. ரத்தம் பாக்கணும், மருந்து ஏத்தணும், தாமதம் ஆக ஆக ஈரலையே மாத்த வேண்டிய கதி ஆயிடும். மிச்சக் காளான் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பாத்த மாத்திரத்துல எது நல்லது எது விஷம்னு யாராலயும் சொல்ல முடியாது."

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்ச் கிறீச்சிட்டது. வாத்தியார் கொஞ்சம் கிட்டே நகர்ந்திருக்க வேண்டும்.

டாக்டர் அவரையே பார்த்தாள். "யார் சார் அந்த ஒருத்தர்?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கவரை மேஜைமேல் வைத்தார். அதன்மேல் பச்சை மையில் கடையின் பெயரும், கீழே தாத்தாவின் பெயரும் அச்சடித்திருந்தன. கடையில் மருந்து போட்டுத் தரும் கவர். தம்பி அதைத்தான் காட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

"என் தம்பி," என்றார். "ஓட்டல் சாப்பாடு இல்ல. நான்தான் பொய் சொன்னேன்." இந்த முறை குரல் திரையைத் தாண்டிப் போயிற்று.

டாக்டர் கவரை அள்ளிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டபடியே வெளியே ஓடினாள்.

வார்டில் தம்பி தலை வாரி, சலவைச் சட்டை போட்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். மனைவி பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா, கெளம்பலாமா?" என்றான். பெரியவர் அவன் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வாசலில் வாத்தியார் வந்து நின்றார்.

"என்னண்ணா பண்றீங்க, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

வீட்டுக்குக் கிளம்புவதற்காக ஷூ முடிச்சை இறுக்கமாகப் போட்டிருந்தான். பெரியவர் நகத்தால் அதை நெம்பி நெம்பி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.