ராகிக் கொல்லையில் விழுந்த தடம்

வெங்கடம்மாள் அதை முதலில் பாறைமேல் நின்றுதான் பார்த்தாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏறியவள் மூச்சு வாங்கத் திரும்பியபோது, கீழே அவர்கள் ராகிக் கொல்லையில் யாரோ மஞ்சளாகக் கோடு கிழித்து வைத்ததுபோல் இருந்தது.

அந்தக் கொல்லை ஒரு காலத்தில் ரயில் நிலையம். ஓசூருக்குப் போன சின்ன ரயில் அங்கே நின்று தண்ணீர் பிடிக்கும். கல்குவாரிக்கும் விறகுக் கிடங்குக்கும் பாதைகள் அங்கேதான் பிரியும். உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிறகு நிலம் கைமாறி, அவள் புருஷன் திம்மராயனுக்கும் அவன் அண்ணன் முனிசாமிக்கும் வந்தது. பாகம் பிரித்தபோது வரப்புத் தகராறு முற்றி, இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. கிழக்குக் கோடியில் இவர்கள் வீடு, மேற்குக் கோடியில் அவர்கள் வீடு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் மழை பொய்த்தது. பச்சைப் பயிருக்கு நடுவே பழைய ரயில் பாதைகள் வெளுத்துத் தெரிந்தன. ஒன்று மூன்றாகப் பிரிந்தது. ஒன்றை ஒன்று வெட்டிக் கடந்தது. தள்ளிப் போய் மறுபடி சேர்ந்தது.

"அடியில ஜல்லி கெடக்குது, வேர் எறங்கல. இதுக்குப் போயி பயப்படுவியா?" என்றான் திம்மராயன்.

அது சரிதான். ஆனால் ஒரு கோடு மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து, வளைந்து, அவர்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை பாறை ஏறும்போதும் அது நீண்டிருந்தது.

கெலமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த சவரியப்பன் அந்த நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். லீவரை இழுத்து வண்டியை இந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கோ திருப்பிவிடுவது அவர் வேலை. வெங்கடம்மாள் அவரைப் பாறைக்குக் கூட்டிவந்தாள். அவர் விரலால் காட்டிக்கொண்டே வந்தார்.

"அது குவாரி லைன். இது கிடங்கு லைன். இது..." விரல் நின்றது. "இப்படி ஒரு லைன் இங்க இருந்ததே இல்லம்மா."

கோடு வேலியைத் தொட்ட அன்று பசு பால் கொடுக்க மறுத்தது. உச்சி வெயிலில் காற்றே இல்லாதபோது வீட்டுத் தரை உள்ளங்காலுக்குக் கீழே மெல்ல அதிர்ந்தது. குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது. கைக்குழந்தையைத் தரையில் கிடத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மத்தியானம் திம்மராயனும் தரையில் கை வைத்துப் பார்த்தான். எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்தான்.

அந்தக் கோடு பிரிவது இங்கேதான் என்று சவரியப்பன் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில், வண்டியைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் அப்படியே கிடந்தது. கூர் சீவிய இரண்டு தண்டவாளங்களும் கிழக்குப் பக்கம் சாய்ந்திருந்தன.

"மத்ததெல்லாம் கழட்டினாங்க. இது மட்டும் தொட்டா அதிருதுன்னு ஒரு கூலியாளும் கிட்ட வரல" என்றார் அவர். "நானும் தொடல."

திம்மராயன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். இத்தனை வருஷம் மண்ணில் கிடந்த இரும்பு, நேற்று எண்ணெய் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு மேற்கே போய் ஒட்டியது.

அதிர்வு நின்றது. பசு பால் கொடுத்தது. அவள் சாமிக்கு விளக்கேற்றினாள். அடுத்த தடவை பாறை ஏறியவள் கொல்லையைப் பார்த்தாள். புதுக்கோடு ஒன்று மேற்கே முனிசாமி வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"நம்மள விட்டுப் போச்சில்ல, விடு" என்றான் திம்மராயன்.

"அங்க புள்ளைங்க இருக்குதுங்க."

"அவங்க நம்மகூடப் பேசறாங்களா?"

அவள் வரப்பைத் தாண்டி நடந்தாள். முனிசாமியின் மனைவி மாரம்மா முறத்தோடு வாசலில் இருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா..."

"தரை நடுங்குது. புள்ளைங்க சோறு திங்க மாட்டேங்குது" என்றாள் மாரம்மா. "உங்க வேலையா?"

"ஆமாக்கா. எங்க பக்கம் வந்தத நாங்கதான் தள்ளிவிட்டோம். உங்க பக்கம் திரும்பும்னு தெரியாது."

மாரம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வா, காட்டு."

குழியருகே இருந்த சவரியப்பனோடு சேர்ந்து மூவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வெங்கடம்மாள் சவரியப்பனிடம் கேட்டாள்.

"இந்தப் பக்கமும் ஒட்டாம அந்தப் பக்கமும் ஒட்டாம நடுவுல நிறுத்தினா என்னண்ணா ஆகும்?"

"வண்டி கவுந்துரும்."

"எங்க?"

"இங்கயேதான்."

பெண்கள் இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். இந்தத் தடவை இரும்பு இடம் கொடுக்கவில்லை. கை தோல் உரிந்தது. நடுவுக்கு வந்ததும் சவரியப்பன் இரண்டு பக்கமும் கல்லை வைத்து இறுக்கினார். பிறகு பிள்ளைகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு இரண்டு குடும்பமும் பாறைமேல் ஏறியது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது. கொல்லையின் தெற்கு முனையில் ராகி இரண்டு பக்கமும் சாய்ந்து வழிவிட்டது. அந்தச் சாய்வு நேராக, வேகமாகக் குழியை நோக்கி வந்தது. சத்தம் எதுவும் இல்லை. குழியருகே ஒரு கணம் நின்றது போலிருந்தது. அப்புறம் ஒரு களத்துமேடு அகலத்துக்குப் பயிர் முழுவதும் அமுங்கிப் படுத்தது. காலுக்குக் கீழே பாறை குலுங்கியது. நிலக்கரிப் புகையும் சுட்ட எண்ணெயும் கலந்த வாடை மேலேறி வந்தது.

சவரியப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். திம்மராயன், "தொலைஞ்சுது" என்றான்.

"வண்டிக்குள்ள ஆளுங்க இருந்திருந்தா?" என்றாள் மாரம்மா.

வெங்கடம்மாளுக்கு அதுவரை அப்படித் தோன்றவே இல்லை. மாரம்மா பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டாள். ஆண்கள் கூப்பிட்டும் நிற்கவில்லை. வெங்கடம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

அங்கே படுத்த பயிர் தவிர ஒன்றுமில்லை. மண் மட்டும் அடுப்புக் கல் மாதிரி சுட்டது. மாரம்மா குனிந்து, அடிபட்டுக் கிடப்பவர் வாயில் ஊற்றுவதுபோலப் பதமாகத் தண்ணீர் விட்டாள். மண் உடனே இழுத்துக்கொண்டது. குடம் காலியாயிற்று. தள்ளி, இன்னோர் இடத்தில் ஆவி எழுந்தது. அதற்கப்பால் இன்னோர் இடத்தில்.

கிணற்றில் கிடந்ததோ கொஞ்சத் தண்ணீர். பொழுது சாய்ந்து மண் குளிரும்வரை இருவரும் அதைச் சுமந்து சுமந்து ஊற்றினார்கள். அதன்பின் இரண்டு வீட்டிலும் தரை அதிரவில்லை. அடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்தும், அந்த இடத்தில் ஏர் ஓட்ட அண்ணனும் போகவில்லை, தம்பியும் போகவில்லை.