பதினேழாம் நம்பர் ஊசி

ஐசெலே பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் இரண்டு துண்டையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைய துணி மொத்தத்தையும் காந்தம் வைத்துத் தடவ வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவர் அன்றைய முதலாளி, கோட்லோபின் அப்பா. மீறியவர் கோட்லோப்.

முப்பது வருஷத்துக்கு முன் ஒரு மதியம், பெண்கள் சாப்பிடப் போன நேரம். பெர்லின் வியாபாரிகளிடம் ஜம்பம் காட்ட பதினேழாம் நம்பர் தையல் மிஷினில் உட்கார்ந்தார். ஊசி உடைந்தது, முனையைக் காணோம். அப்பாவுக்குப் பயந்து, மிச்சத் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு ஊசியை மாட்டிவிட்டார். அந்த முனை ஒரு கைக்குழந்தையின் பனியனோடு போய் அதன் தோளைக் கிழித்தது. வேலை போனது பதினேழாம் நம்பர்க்காரி ரோசினாவுக்கு. இவர் வாயைத் திறக்கவில்லை, பாவி மனிதர்!

இப்போது கோட்லோப்தான் முதலாளி; கம்பெனிக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. முந்தின நாள் சனிக்கிழமை, ரோசினா தன் வீட்டில், குடித்தனக்காரர்கள் வாரம் ஒருவராகக் கூட்டும் மாடிப்படியைத் தன் முறைக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். கோட்லோப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கீழே நின்றார்.

"ரோசினாம்மா, அந்த ஊசிய உடைச்சது நான்தான்."

"தெரியும், சின்ன முதலாளி. சாப்பிட்டு வந்தப்போ என் நாற்காலி உங்க உயரத்துக்கு இறங்கியிருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யாரு நம்புவா? பிள்ளையக் குத்துனவளாத்தான் இந்த ஊரு இன்னும் என்னைப் பாக்குது. உங்க மன்னிப்ப இந்தப் படிக்கட்டுல வாங்கி நான் என்ன செய்ய? மேடையில சொல்லுங்க. கொஞ்சம் காலை எடுங்க, கூட்டணும்."

மறுநாள் முதல் வரிசையில், சர்ச்சுக்குப் போகும் கறுப்பு உடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கோட்லோப் அச்சடித்த பேச்சை ஓரம் வைத்துவிட்டு ஊசித் துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"இத உடைச்சது நான். ரோசினா மேல எந்தத் தப்பும் இல்ல."

சூப்பர்வைசர் புர்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா நம்ம முதலாளிய! வேலைக்காரி செஞ்ச தப்பத் தன் தலையில போட்டுக்கிறாரே! இந்த மனசு யாருக்கு வரும்?"

நானூறு பெண்களும் கைதட்டினார்கள். பேண்டு வாத்தியம் முழங்கியது.

"இல்ல, நிஜமாவே நான்தான்" என்று கோட்லோப் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஆனால் மேயர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். அந்தக் கைதட்டல், வெட்கக்கேடு, இதமாக இருந்தது.

வாத்தியம் ஓயும் வரை ரோசினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியாக வெளியே போனாள்.

கோட்லோப் ஊசித் துண்டைப் பழையபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.