பரிந்து பேசுகிறவள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் பழுது பார்க்கிறவளுக்கு இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும், கொஞ்சம் நிம்மதியும் வேண்டும். கடுகைவிடச் சின்னத் திருகாணியை இடுக்கியில் பிடித்துச் சட்டத்தின் மூட்டில் இறக்குகிற நேரத்தில், காதுக்கும் தோளுக்கும் நடுவே சம்பந்தியை இடுக்கிக்கொண்டிருந்தால் அந்தத் திருகாணி எங்கே போகும்? தரைக்குத்தான் போனது.

"தங்கச்சி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே, சொல்லுங்க." மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தரையைத் தடவியபடியே பேசினாள்.

"அந்தப் பூச்செண்டு சமாச்சாரம் மட்டும் வேண்டாம்னு நீங்கதான் உங்க வீட்டுக்காரர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும். மத்ததெல்லாம் உங்க கோயில் முறைப்படியே நடக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

சம்பந்தி வாயே திறக்காமல் இருந்த ஒரு பொழுதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. இவர்கள் கத்தோலிக்கர்கள், மாப்பிள்ளை வீடு மாதா வணக்கம் இல்லாத வேறு சபை. பிள்ளைகள் இருவரும் ஒரே அலுவலகத்தில் பழகி, பிடித்துப்போய், பெரியவர்களும் தலையாட்டி, எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோயிலில் திருமணம் முடிந்ததும் மணப்பெண் தன் பூச்செண்டை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து, மாப்பிள்ளையோடு சற்று நின்று வேண்டிக்கொள்வது இவர்கள் வழக்கம். அது காதில் விழுந்ததும் சம்பந்திக்குச் சூடு ஏறிவிட்டது. சிலைக்கு முன்னால் தன் மகன் நிற்பதாக இருந்தால் தான் வாசலோடு நின்றுகொள்வதாகச் சொன்னார். பூச்செண்டு வைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றார் இவள் கணவர். மகள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போகிறாள்.

இவள் கணவர் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். செபமாலையை அவர் கையில் கடைசியாகப் பார்த்தது அது அறுந்துபோய்க் கம்பி மாட்டிக் கொடுத்த அன்றுதான். அப்படிப்பட்ட மனிதர் ஒரே நாளில் மாதாவுக்கு வக்கீலாகிவிட்டார். லாரி ஆபீஸ் மேனேஜரான சம்பந்தியோ வேத வாதத்துக்கு எப்போதும் தயாராக இருக்கிறவர், கையில் பைபிள் இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போகமாட்டார். இரண்டு பேரும் இவள் வீட்டுக் கூடத்தில், எதிரெதிர் நாற்காலியில், விருந்தாளிக்கு வைத்த பிஸ்கட்டைத் தொடாமல் மல்லுக்கு நின்றார்கள்.

"இயேசுவுக்குக் கூடப்பிறந்தவங்க இருந்ததா வேதத்துலயே இருக்கு. அப்புறம் எப்படி அவரோட அம்மா கடைசி வரைக்கும் கன்னி?" என்றார் சம்பந்தி.

"எங்க பெரியப்பா பையனை நான் அண்ணன்னுதான் கூப்பிடறேன். அதனால எங்கம்மா பெத்ததுன்னு ஆயிடுமா?"

இதுவரை பரவாயில்லை, கணவருக்கு இவ்வளவு வருமா என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் சம்பந்தி அமல உற்பவத்தை இழுத்தார்.

"அமல உற்பவம்னு ஒண்ணு வேதத்துல எங்கயுமே கிடையாது!"

"கிடையாதா? வானதூதர் வந்து சொல்லலையா? ஆண் துணை இல்லாம இயேசு பிறந்தாரா இல்லையா?"

"பிறந்தாரு. யாரு இல்லைன்னா? ஆனா அமல உற்பவத்தை ஒத்துக்க மாட்டேன்!"

"பிறந்தாருன்னா ஒத்துக்கிட்டீங்கன்னுதானே அர்த்தம்?"

"ஒத்துக்க மாட்டேன்!"

அடுக்களை வாசலில் நின்ற இவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் வாண்டுகளுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவள். "அது இயேசு பிறந்ததைப் பத்தி இல்லீங்க. மாதா அவங்கம்மா வயித்துல உருவானப்பவே பாவக்கறை இல்லாம உருவானாங்கங்கறதுதான் அது. நீங்க ரெண்டு பேரும் வேற எதையோ பேசிட்டிருக்கீங்க," என்றாள்.

"நீ முதல்ல டீயைக் கொண்டா," என்றார் கணவர்.

"ஆமா தங்கச்சி, சர்க்கரை கம்மியா," என்றார் சம்பந்தி. அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரே இடத்தில்தான். டீ வருவதற்குள் ஒருவர் எழுந்து போய்விட்டார், மற்றவர் கதவைச் சாத்திவிட்டார்.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் பேச வேண்டியது மலையாகக் கிடந்ததே! விருந்தாளிகளுக்கு வண்டி, மண்டபத்துச் சாவி, யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லாமே இவள் வழியாகத்தான் போய்வந்தது. போகிற வழியில் இவள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசியும் விட்டாள். "அந்தாளு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்று கிளம்பியது, "நீங்க கட்டாயம் வரணும்னு சொல்றாருண்ணே" என்று போய்ச் சேர்ந்தது. இது ஒன்றும் புதிதில்லை. மகள் சைக்கிள் வேண்டுமென்றாலும் "அம்மா, அப்பாகிட்ட நீ சொல்லு"தான், இந்தக் காதலும் அப்படித்தான் அவர் காதுக்குப் போனது. இவளுக்கு என்ன வேண்டும் என்று எவரும் எவரிடமும் சொல்லியனுப்பியதாகத் தெரியவில்லை.

திருகாணி கிடைத்த அன்று மாலையே சம்பந்தி கடைக்கு நேரில் வந்துவிட்டார். அவருடைய கண்ணாடியின் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கோ வேத விளக்கம் கொடுக்கிற வேகத்தில் பைபிளைத் தூக்கி மேசையில் போட்டாராம், கண்ணாடி அடியில் இருந்திருக்கிறது. இவள் விளக்கை இழுத்துவிட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். அவரும் ஆரம்பித்தார்.

"நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கடவுளுக்கும் நமக்கும் நடுவுல இயேசு ஒருத்தர் போதும். அவர்கிட்ட நேராவே கேக்கலாமே? அவருக்கென்ன காது கேக்காதா? நடுவுல எதுக்கு ஒரு அம்மா?"

இவள் சட்டத்தைச் சூடு காட்டி நிமிர்த்தினாள்.

"இதை நீங்கதான் அவருக்குப் புரிய வைக்கணும் தங்கச்சி. நீங்க சொன்னா அவர் தட்டமாட்டாரு."

இடுக்கி கீழே போனது. இந்த முறை அவளேதான் வைத்தாள், சற்று ஓங்கி.

"ஏண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு என்ன, காது கேக்காதா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"அவர் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல? நேராவே கேக்கலாமே. நடுவுல எதுக்கு ஒரு அம்மா?"

கடையில் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அதைக் கழற்றாமலேயே திரும்பிப் பார்த்தார். இவளோ அணை உடைந்த மாதிரி பேசினாள். "மாதா பரிந்து பேசவேண்டாம்னு சொல்றதுக்கு என்னைப் பரிந்து பேசச் சொல்றீங்க. அந்த மனுஷன் என்னடான்னா மாதாவுக்காக உயிரை விடறேங்கறாரு, ஆனா அதையும் நான்தான் வந்து உங்ககிட்ட சொல்லணும். காலையிலேர்ந்து கால் கடுக்க நின்னு வேலை பாத்துட்டு, உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா நான்? என்னால முடியலண்ணே. நெசமாவே முடியல."

சொல்லிக்கொண்டே கணவரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னம்மா, அந்தாளு மறுபடியும் ஏதாவது உளறுனானா?" என்றது போன்.

"நான்தான் பேசறேன் சம்பந்தி," என்று கடைசியில் இவர் சொன்னார். தொண்டையைச் செருமினார். வசனம் எதையாவது எடுத்துவிடப் போகிறார் என்று இவள் பல்லைக் கடித்தாள். "எனக்கு மனசு ஒப்பலைங்க. பிடிவாதம் இல்ல. நாளைக்குக் கடவுள் முன்னாடி போய் நிக்கறப்ப, உன் பையனை எங்க நிறுத்தினேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயமா இருக்கு."

போனில் எங்கோ சுத்தியல் சத்தம் கேட்டு நின்றது. "கும்பிடச் சொல்லலைங்க," என்றார் கணவர். வக்கீல் குரல் காணாமல் போயிருந்தது. "உங்க பையன் சும்மா பக்கத்துல நின்னா போதும். எங்க கல்யாணத்துல எம்பொண்டாட்டி பூச்செண்டு வச்சிட்டு, ரொம்ப நேரம் என்னமோ பேசிட்டே நின்னா. இத்தனை வருஷம் நாங்க ஒண்ணா ஓட்டுனதுக்கு அன்னைக்கு அவ கேட்டதுதான் காரணம்னு எனக்கு ஒரு எண்ணம். எம்பொண்ணும் அங்க நிக்கட்டுமேன்னுதான். மத்தபடி எனக்கு என்ன தெரியும்."

இவள் குனிந்து சட்டத்தைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். இத்தனை வருடத்தில் இவளிடம் சொல்லாததை ஒரு லாரி ஆபீஸ் மேனேஜரிடம் சொல்கிறார், பாவி மனுஷன்!

"நான் உள்ளயே உக்காந்துக்கறேன்," என்றார் சம்பந்தி. "ஆனா அந்த நேரத்துல பாக்கமாட்டேன்."

"கண்ணாடியைக் கழட்டி வச்சுக்குங்க. முடிஞ்சதும் எம்பொண்டாட்டி வந்து சொல்லுவா."

சம்பந்தி சிரித்துவிட்டார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய், திரும்பினார். "தங்கச்சி, அன்னைக்குக் கோவமா பேசிட்டேன், வருத்தப்பட்டேன்னு அவர்கிட்ட நீங்களே…" இவள் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு படியிறங்கினார்.

கடை மூடியதும் இவள் வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனாள். மாதாவிடம் கேட்க வேண்டியதை வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணம் விக்கினமில்லாமல் முடிய வேண்டும், மகள் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், இந்த இரண்டு பேருக்கும் கிடைத்த புத்தி கல்யாணம் வரைக்குமாவது தங்க வேண்டும், எல்லாவற்றையும் உன் மகனிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். முழங்காலிட்டு நிமிர்ந்தபோது சுரூபத்தின் காலடியில் காலையிலிருந்து எவரெவரோ வைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்திகள் பாதிக்குமேல் உருகிக் கிடந்தன. ஒவ்வொன்றும் யாரோ சொல்லியனுப்பியது.

கோத்து வைத்தது எதுவும் வாயில் வரவில்லை.

"காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கியே," என்றாள் மெதுவாக. "கால் வலிக்கலையா?"